தண்ணிக்குக் கணக்கு வைச்சு விளையாடின உலகம்

மலருக்கு எழுதித் தாங்கோ எண்டு பழைய மாணவர் சங்கத்து அண்ணை கேட்டவர். பிக் மட்ச், விடுதிச் சாப்பாடு, சேர்மாற்ற அடி எல்லாம் மற்ற பட்ச் ஆக்கள் வடிவா எழுதுவினம், அதால நான் எங்கட பட்ச் பெடியள் கொஞ்சப்பேர் ரொறன்ரோ வந்தாப்பிறகு ஒண்டா இருந்து விளையாடின ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுறன். பள்ளிக்கூடத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேப்பியள், இருக்கு, வாசியுங்கோ.

விளையாட்டு டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ். மேசையைச் சுத்தி நாலஞ்சு பேர் இருப்பம், ஒராள் டன்ஜன் மாஸ்டர், அவர் கதையைச் சொல்லிக்கொண்டு போக மற்ற ஆக்கள் ஆளுக்கொரு பாத்திரமா நிண்டு "நான் இதைச் செய்யிறன்" எண்டு சொல்லுறது, சரிவருமோ எண்டதை 20 பக்க டைஸ் சொல்லும். கதை நடக்கிற உலகங்களைத் தனித்தனிப் பெட்டியா விப்பினம். முதல்ல கொலிஜில கனேடியப் பெடியளோட ஃபொர்கொட்டன் றெல்ம்ஸ் எண்ட உலகத்தில விளையாடினன். காடு, ஆறு, சத்திரம், பொற்காசு, திரும்பின பக்கமெல்லாம் ஒரு கடவுள். நல்ல உலகம்தான், ஆனா எனக்கு ஒட்டேல்லை.

பிறகு எங்கட பட்ச் பெடியன் ஒருத்தன் பழைய புத்தகக் கடையில டார்க் சன் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். 1991 இல அமெரிக்காவில டிஎஸ்ஆர் கொம்பனி விட்டது, டிமதி பிரவுனும் ட்ரோய் டெனிங்கும் எழுதினது. படங்கள் ப்ரொம் எண்ட ஓவியர். அவர் படத்தைக் கீற, அதைப் பாத்து எழுதினவையும் கதையை வளத்தினமாம், படத்தைப் பாத்தா அது விளங்கும், அந்தக் காய்ஞ்ச செம்மண்ணும் வெயில் தின்ட தோலும் மனுசனை விடாது.

உலகத்துக்குப் பேர் அதாஸ். முந்திப் பச்சையா இருந்த உலகம், மந்திரவாதியள் பாவிச்சுப் பாவிச்சு பாலைவனமாக்கிப் போட்டாங்கள். அங்க மந்திரத்துக்குச் சக்தி செடிகொடியின்ர உயிரில இருந்துதான் வரும். அவசரப்பட்டு உறிஞ்சுறவன் டிஃபைலர், அவன் நிண்ட இடம் சாம்பலாப் போகும், பிறகு அதில ஒண்டும் முளைக்காது. மண்ணைக் கெடுக்காமல் மெல்ல மெல்ல எடுக்கிறவன் பிரிசேவர். முதல் பெட்டியின்ர விதிப்படி டிஃபைலர்தான் கெதியா லெவல் ஏறுவான், மற்றவன் ஆறுதலாத்தான். அப்ப நல்லவனா இருக்கிறதுக்கு ஒவ்வொரு நாளும் விலை குடுக்கவேணும். எனக்கு இந்த உலகத்தில ஆகப் பிடிச்ச விசயம் இதுதான்.

இரும்பு கிடைக்கிறதே அரிது. எலும்பு, கல்லு, ஒப்சீடியன் எண்ட எரிமலைக் கண்ணாடி, இதுகளிலதான் கத்தி ஈட்டியெல்லாம், நல்லா விழுந்த ஒரு அடியில உங்கட ஆயுதமே உடையவும் கூடும். காசு சுட்ட களிமண், அதைப் பத்துத் துண்டா உடைச்சும் குடுக்கலாம். கடவுள் இல்லை, பூசாரிமார் நிலம் நீர் நெருப்பு காத்தைத்தான் கும்பிடுவினம். ஒரு ஆளுக்கு நாளைக்கு 1 கலன் தண்ணி வேணும், ஹாஃப் ஜயன்ட் எண்ட அரை அரக்கன் எண்டா 4 கலன், அதை ஒரு கொப்பியில எழுதி எழுதிக் கழிக்கவேணும். விளையாட்டின்ர பேரில ட்ராகன்ஸ் எண்டு பன்மையில இருந்தாலும் இந்த நாட்டில ட்ராகன் ஒண்டே ஒண்டுதான், வருசா வருசம் ஒவ்வொரு நகரமும் அதுக்கு 1000 அடிமையளைக் குடுக்கோணும்.

கனேடியப் பெடியளுக்கு இந்தக் கணக்குப் பாக்கிறது அலுப்பு. எங்களுக்கு அது புதுசே இல்லை. 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில படிச்ச எல்லாருக்கும் தெரியும், கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடை, பற்றரி இல்லை, சவுக்காரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சைப் போட்டு கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்திலதான் ஏ.எல் சோதினைக்குப் படிச்சம், சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவில செய்தி கேட்டம், மோட்டசைக்கிளுக்கு கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடினம். எண்ணெய் முடியுதெண்டா நாலு பேர் ஒரு விளக்குக்கு வந்திடுவம், தன்ர போத்தலில மிச்சம் இருக்கிறதை ஒளிச்சு வைச்சவன் எண்டு எங்கட வகுப்பில ஒருத்தனும் இல்லை. அதாஸில ஒரு தோல்பை தண்ணியைப் பங்கு போடுறதில இருக்கிற பெறுமதி எங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவைப்படேல்லை.

இன்னொண்டு, அங்க சாதாரண சனம் எழுத வாசிக்கப் படிக்கிறது குற்றம். பிரபுக்களுக்கும் டெம்ப்ளர்மார் எண்ட அரசன்ர அதிகாரியளுக்கும் மட்டும்தான் எழுத்து. 1981 இல நூலகம் எரிஞ்ச ஊரில அரிவரி தொடங்கின பிள்ளையள் நாங்கள், அந்தப் பக்கத்தை வாசிச்சாப்பிறகு கொஞ்ச நேரம் மேசையில ஒருத்தரும் கதைக்கேல்லை. பிறகு எங்கட குழுவில வந்த அடிமைப் பாத்திரம் ஒவ்வொண்டும் களவா வாசிக்கப் பழகினதுதான், ஆரும் சொல்லி வைச்சுச் செய்யேல்லை.

2010 இல புதுப் பதிப்பு வந்தது. அதில மந்திரக்காரன் எவனும் நினைச்ச நேரம் டிஃபைல் பண்ணலாம், பெரிய மந்திரம் பிழைச்சா டைஸைத் திருப்பி உருட்டலாம், ஆனா பக்கத்தில நிக்கிற கூட்டாளியளுக்கு அடி விழும். ஒருநாள் டீர் நகரத்தில இருந்து ஊரிக் நகரத்துக்குப் போற வழியில கொள்ளைக்கார எல்ஃப் கூட்டம் மறிச்சிட்டுது, எங்கட மந்திரக்காரனுக்கு டைஸில 3 விழுந்தது. "திருப்பி உருட்டடா மச்சான், அடியை நாங்கள் தாங்குவம்" எண்டு எல்லாரும் கத்துறம். அவன் மேசையில விரிச்சிருந்த கடதாசியைப் பாக்கிறான், அதில பச்சைப் பேனையால போட்ட ஒரு சின்ன வட்டம், முள்ளுப் பத்தையாம். "அது நிக்கட்டும்" எண்டிட்டு டைஸைக் கீழ வைச்சிட்டான். அந்தச் சண்டையில எங்கட ஹாஃப் ஜயன்ட் செத்துப்போச்சு. ஒருத்தரும் அவனோட கோவிக்கேல்லை.

1995 இல வந்த திருத்தின பெட்டி எனக்குப் பிடிக்காது. இந்த உலகத்தை வைச்சு எழுதின நாவல்களில நடந்ததெல்லாத்தையும் உள்ளுக்குக் கொண்டுவந்து, நகரங்களை ஆண்ட கன மந்திர அரசர்மாரைச் சாகடிச்சு, நாங்கள் செய்யவேண்டிய வேலையை வேற ஆக்கள் முடிச்சுப்போட்டினம். 1991 இல தனிப் புத்தகமா வந்த 'ஃப்ரீடம்' எண்ட சாகசக் கதை அப்பிடியில்லை, டீர் நகரத்தில காலக் எண்ட அரசன் சிகுராட் எண்ட படிப்படியான கோபுரம் கட்டுறதுக்கு ஆக்களைப் பிடிச்சு வேலை வாங்கிறான், நீங்களும் அதுக்குள்ள ஒரு அடிமை, கடைசியில அவன் சாக நகரம் விடுதலையாகும். அதுக்குப் பிறகு என்ன எண்டதுதான் எங்கட விளையாட்டு. அந்தப் பக்கத்திலேயே டீரிலதான் இரும்புச் சுரங்கம். அடிமையள் இல்லாமல் ஆர் அதுக்குள்ள இறங்கிறது, என்ன கூலி, கூலியைத் தானியமாக் குடுக்கிறதோ தண்ணியாக் குடுக்கிறதோ, தோட்டக்காரப் பிரபுக்கள் கிணறுகளைப் பூட்டி வைச்சா என்ன செய்யிறது எண்டு ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்டில விடிய விடிய வாதாடியிருக்கிறம், வாளை உருவினதிலும் பாக்க கூட நேரம் அதிலதான் போனது. கிணத்துப் பிரச்சினை இன்னும் முடியேல்லை, இந்த மாரிக்கு லண்டன் பெடியள் ரெண்டு பேர் கொம்பியூட்டரில வந்து சேருகினம், அவை பிரபுக்களின்ர பக்கம் நிண்டு கதைக்கப்போகினமாம்.