குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டோடு ஜெர்மனியில் பதிவு செய்த கதை

தமிழ், மலையாளம், இந்தி, ஆங்கிலம் நான்கும் பேசுவேன், ஜெர்மன் ஏ2 என்ற தொடக்க நிலை வரை முடித்திருந்தேன். அப்படியும் வந்த முதல் இரண்டு மாதம் என் பெயரை அலுவலகங்களுக்குச் சரியாகச் சொல்லிச் சேர்ப்பதிலேயே போய்விட்டது. வரி எண் கடிதம் திரும்பிப் போனது, முதல் சம்பளத்தில் வரியை அள்ளிப் பிடித்துவிட்டார்கள், முகவரிப் பதிவுக்கு மூன்று தடவை அலைந்தேன். மூலகாரணம் ஒன்றுதான்: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பலருக்கும் இதே நிலை என்பதால் எங்கெங்கே சிக்கும் என்று எழுதிவிடுகிறேன். வீசா, வீடு பிடிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பெரிய ஊர்களில் இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த தேதியைப் பிடித்து, அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். தாமதம் உங்களால் இல்லை என்று காட்ட அது போதும். யாராவது ரத்து செய்த இடங்கள் அலுவலகம் திறக்கும் வேளையில் இணையத்தில் தலைகாட்டும். காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவே பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

முதல் தடவை வீணாய்ப் போனது வாடகை ஒப்பந்தத்தை நம்பியதால். பதினெட்டுப் பக்கம், இரண்டு கையெழுத்து, எல்லாம் இருந்தும் பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது 'வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்' என்ற ஒற்றைப் பக்கம்: 'இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்' என்று வீடு கொடுத்தவர் எழுதித் தருவது. பொய் முகவரிப் பதிவைத் தடுக்க 2015 நவம்பர் 1 முதல் இதைக் கட்டாயமாக்கினார்கள். அதில் வீடு கொடுத்தவரின் பெயர், முகவரி, நீங்கள் குடிவந்த தேதி, வீட்டின் முகவரி, குடிவந்த ஒவ்வொருவரின் பெயரும் இருக்க வேண்டும். வழக்கமாக வரும் பிழை தேதியில்தான். ஒப்பந்தம் தொடங்கும் நாளையோ கையெழுத்துப் போட்ட நாளையோ எழுதிவிடுவார்கள். அங்கே வர வேண்டியது உண்மையில் குடிவந்த நாள். உள்வாடகைக்கு இருந்தால் முதன்மை வாடகைதாரரே கையெழுத்துப் போடலாம், கட்டட உரிமையாளரைத் தேடி ஓட வேண்டாம். உங்கள் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது தடவை காகிதம் சரி, பெயர் போனது. அவர்கள் கணினியில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது. அலுவலர் முன்பக்கத்தில் ஒரே பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அங்கிருந்த அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார். இன்ஷியலுக்கு உரிய பெயர்தானே என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இரண்டு மாத அலைச்சல். பாஸ்போர்ட் முன்பக்கத்தில் இல்லாத ஒரு பெயர் நகராட்சிப் பதிவேட்டில் ஏறியது. அங்கிருந்து அது தானாகவே வரித்துறைக்குப் போகும். வங்கி பாஸ்போர்ட்டை ஒரு கையிலும் பதிவுச் சான்றை மறுகையிலும் வைத்துப் பார்த்து, இது வேறு ஆள் என்று திருப்பி அனுப்பும்.

ஒற்றைப் பெயர்தான் என்றால் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏற்றி, முதல் பெயர்க் கட்டத்தில் கோடு போடச் சொல்ல வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது. எல்லாக் கடிதமும் 'திருமதி கவிதா' என்று குடும்பப் பெயர் பாணியில் வரும். ஆனால் பாஸ்போர்ட்டோடு பொருந்தும். வாயில் வராவிட்டால் ஒரு காகிதத்தில் இப்படி ஜெர்மனில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள்: என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் உள்ளது, கடைசிப் பக்கத்தில் இருப்பவை பெற்றோரின் பெயர்கள், என் பெயரின் பகுதி அல்ல. இந்த மூன்று துண்டு வாக்கியம்தான் மூன்றாவது தடவை வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்தது. பிழையைத் திருத்தக் கேட்பது உங்கள் உரிமை, மத்தியப் பதிவுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. அச்சிட்ட பதிவுச் சான்றை நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வெளியே வந்துவிட்டால் திருத்தத்துக்கு மறுபடி நேரம் வாங்க வேண்டும்.

அலுவலர் ஆங்கிலத்தில் பேசமாட்டேன் என்றால் கோபப்பட்டுப் பயனில்லை. நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவே அலுவலக மொழி ஜெர்மன் என்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் கிடைத்தால் அது அவருடைய நல்ல மனசு. ஜெர்மன் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

பதிவுப் படிவத்தில் மதம் என்றொரு கட்டம் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ குறித்தால் தேவாலய வரி தொடங்கிவிடும்: பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். மனமுவந்து கொடுப்பது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு. பிறகு விலக வேண்டுமானால் மாநிலத்தைப் பொறுத்து நீதிமன்றத்திலோ பதிவாளர் அலுவலகத்திலோ நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது கடிதப்பெட்டி. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். இங்கே அடுக்குமாடியில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். உங்களுக்குத் தகவலும் வராது. முகவரிப் பதிவு முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் 11 இலக்க வரி எண், 'ஸ்டாயர் ஐடி', தபாலில் மட்டுமே வரும். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேட்டால் சொல்லமாட்டார்கள். நான் பெட்டியில் என் பெயரை ஒட்டியிருந்தேன். கடிதமோ அப்பாவின் பெயரில் வந்தது. திரும்பிப் போய்விட்டது.

அதனால் பதிவுக்குப் போகும் முந்தைய நாளே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயரை ஒட்டிவிடுங்கள். பெட்டியின் சட்டத்துக்குள் நுழையும் அளவுக்கு வெட்டிய வெள்ளைக் காகிதம், தடித்த எழுத்து, மழை படும் இடமென்றால் மேலே ஒளிபுகும் நாடா. முதலில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், சாய்கோடு, பிறகு யாராவது உங்களை அழைக்க வாய்ப்புள்ள வேறு வடிவம், அதாவது அப்பா பெயரோ கணவர் பெயரோ. உள்வாடகை என்றால் முதன்மை வாடகைதாரரின் பெயருக்குக் கீழே. வீட்டு நிர்வாகம் பித்தளைத் தகடு அடித்துத் தரும்வரை காத்திருக்காதீர்கள், அதற்கு வாரக்கணக்காகும்.

வரி எண் வராவிட்டால் சம்பளக் கணக்கில் ஆறாம் வரி வகுப்பில் பிடிப்பார்கள், இருப்பதிலேயே அதிகம் பிடிக்கும் வகுப்பு. எனக்கு முதல் மாதம் அப்படித்தான் பிடித்தார்கள், சம்பளப் பிரிவில் இருந்தவருக்கு வேறு வழி இருப்பதே தெரியவில்லை. வருமான வரிச் சட்டம் 39சி பிரிவின்படி, எண் வராதது ஊழியரின் தவறில்லை என்றால் மூன்று மாதம் வரை அவருக்கு வரக்கூடிய வகுப்பிலேயே பிடிக்கலாம். அந்தப் பிரிவு எண்ணை மின்னஞ்சலில் எழுதி அனுப்பியதும் அடுத்த மாதமே மாற்றினார்கள். கூடுதலாகப் போன பணம் எண் வந்த பிறகு சம்பளத் திருத்தத்தில் திரும்பிவிட்டது. அப்படி வராவிட்டால் வருடாந்திர வரிக் கணக்கில் வாங்கலாம். கடிதம் தொலைந்தவர்கள் பாஸ்போர்ட்டோடு உள்ளூர் வரி அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள், சில ஊர்களில் அங்கேயே அச்சிட்டுத் தருகிறார்கள்.

தொலைபேசியில் பெயர் சொல்வது தனிப் போராட்டம். மருத்துவக் காப்பீடு, மின்சாரம், இணைய இணைப்பு எல்லாவற்றிலும் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். நாம் பழக்கத்தில் ஆங்கில எழுத்தைச் சொல்லிவிடுவோம். கவிதா என்பதை கே, ஏ, வீ, ஐ, டீ, ஹெச், ஏ என்று சொன்னால், ஜெர்மன் காதுக்கு 'ஏ' என்பது ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தாகிவிடும், 'வீ' என்பது டபிள்யூவாகிவிடும், 'ஐ' இரண்டு எழுத்தாகிவிடும். காப்பீட்டு அட்டையில் வந்த பெயரைப் பார்த்தால் யாரோ போலந்துக்காரர் என்று நினைக்கத் தோன்றும். ஜெர்மன் முறையில் அது கா, ஆ, ஃபவ், ஈ, தே, ஹா, ஆ. ஜே வந்தால் யோட், இசட் வந்தால் ட்செட், ஒய் வந்தால் இப்சிலோன். சந்தேகம் வந்தால் எழுத்துக்கு ஒரு சொல் வைத்துச் சொல்லுங்கள்: கவுஃப்மான், அன்டோன், விக்டோர், ஈடா, தேயோடோர், ஹைன்ரிஹ், அன்டோன். 2022இல் ஆட்பெயர்களை எடுத்துவிட்டு ஊர்ப்பெயர்கள் வைத்த புதிய பட்டியல் வந்திருக்கிறது. மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் பழையதையே சொல்கிறார். உங்கள் பெயருக்கான வரிசையை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வங்கிப் படிவம் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகராது, கோடும் ஏற்காது. ஒரே பெயரை இரண்டிலும் போட்டுத்தான் நகர்ந்தேன். காணொளி வழி அடையாளச் சோதனை அதிலேயே தோற்றது. தபால் நிலையத்தில் நேரில் பாஸ்போர்ட் காட்டும் முறையைத் தேர்ந்தெடுத்ததும் முடிந்தது. இன்னொரு விஷயம்: 2025 அக்டோபர் 9 முதல் யூரோ பகுதி வங்கிகள் பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்கின்றன. பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் அனுப்புகிறவர் தயங்குவார். வங்கியில் பதிவான பெயர் வடிவத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து அலுவலகத்துக்கும் வீட்டுக்காரருக்கும் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

திருமணச் சான்றிதழைப் பதிவேட்டில் ஏற்ற மொழிபெயர்ப்பு கேட்டார்கள். ஊரில் நோட்டரி முத்திரையோடு செய்து கொண்டுவந்ததை ஏற்கவில்லை. ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும். நீதித்துறையின் இணையப் பட்டியலில் மொழி வாரியாகத் தேடலாம், தமிழுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 55 எழுத்தை ஒரு வரி என்று கணக்கிட்டுக் கட்டணம் சொல்வது வழக்கம். முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

இங்கேயும் பெயர்தான் சிக்கல். தமிழ் எழுத்தில் உள்ள பெயரை ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறையில் ரோமன் எழுத்துக்கு மாற்றினால் 'ழ' அடிக்கோடிட்ட எல் ஆகும், 'ற' அடிக்கோடிட்ட ஆர் ஆகும். பாஸ்போர்ட்டில் இசட் ஹெச் போட்டு எழுதியிருக்கும் தமிழ்ச்செல்வி, சான்றிதழில் அடையாளமே தெரியாத ஆளாகிவிடுவார். 1990களின் தொடக்கத்தில் கிரேக்கரான கிறிஸ்டோஸ் கான்ஸ்டான்டினிடிஸ் தன் பெயரை ஜெர்மன் பதிவாளர் இப்படி உருமாற்றியதை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். உச்சரிப்பையே சிதைத்து, அவருடைய தொழிலில் ஆளைக் குழப்பும் அளவுக்கு எழுத்து மாற்றத்தைத் திணிக்கக்கூடாது என்று 1993இல் தீர்ப்பு வந்தது. நமக்கு வழக்கு வேண்டாம். மொழிபெயர்ப்பு கொடுக்கும்போதே பாஸ்போர்ட் முன்பக்க நகலையும் சேர்த்துக் கொடுத்து, பெயர்களைப் பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலில் எழுதி அடிக்குறிப்பில் அதைச் சொல்லும்படி கேளுங்கள். கணவர், பெற்றோர் பெயர்களுக்கும் அவரவர் பாஸ்போர்ட் நகல் கொடுத்தால் இன்னும் நல்லது.

வசிப்பு உரிமத்துக்கு வீசா முடியும் முன்பே விண்ணப்பித்தாக வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் நிலைமை வேறு. அட்டை வரும்வரை தரும் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் தாளில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். வசிப்புச் சட்டம் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்றால் ஊருக்குப் போய்த் திரும்பலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப வர முடியாது. டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். விரல்ரேகை எடுக்கும்போது அட்டையில் அச்சாகப்போகும் விவரங்களைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அட்டை பெர்லினில் அச்சாகி வர வாரக்கணக்காகும். ஒரு எழுத்துத் தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து.

இன்னும் ஊரில் இருப்பவர்களுக்கு: பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துக் குடும்பப் பெயர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் வீசா விண்ணப்பத்துக்கு முன் முடியுங்கள். வந்த பிறகு மாற்றினால் பதிவேடு, வரி, காப்பீடு, வேலை, வங்கி, வசிப்பு அட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். ஏற்கெனவே தப்பாகப் பதிவாகியிருந்தால் திருத்தம் பதிவேட்டில்தான் தொடங்க வேண்டும். வங்கியிலோ காப்பீட்டிலோ முதலில் கேட்டால் புதிய பதிவுச் சான்று கொண்டுவா என்றுதான் சொல்வார்கள்.

எனக்குப் பதிவேடு திருந்திய பிறகு வரி எண் கடிதத்தை மறுபடி அனுப்பக் கேட்டேன். பதினாறாம் நாள், கோடு போட்ட முதல் பெயரோடு, நேராகப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.