பழுதை வைத்துப் பாடம் நடத்திய கதை

தொழிற்பயிற்சி நிலையத்தின் எலக்ட்ரீஷியன் டிரேடில், மோட்டாரை நேரடியாக சப்ளையில் சேர்த்து ஓடவைக்கும் டிஓஎல் ஸ்டார்ட்டரை இணைப்பது மாணவர்களுக்குப் பிடித்த ஜாப் (செய்முறைப் பயிற்சி). படத்தைப் பார்த்து ஒயர் இணைப்பார்கள், பச்சை பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும், மதிப்பெண் கிடைக்கும். நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். வேலைக்குப் போன மாணவன் ஒருவன் பார்க்க வந்தபோது சொன்னான்: "சார், அங்கே யாரும் புது ஸ்டார்ட்டர் மாட்டச் சொல்வதில்லை. ஓடாததை ஓடவைக்கத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கே ஆரம்பிப்பதென்றே தெரியவில்லை." அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

அடுத்த பேட்ச்சில், அவர்கள் இணைத்து முடித்த போர்டுகளில் இடைவேளையின்போது ஆளுக்கொரு பழுது வைத்தேன். ஒன்றில், பட்டனை விட்ட பிறகும் சப்ளையைத் தொடரவைக்கும் ஹோல்டிங் கான்டாக்டுக்குப் போகிற ஒயரை மட்டும் கழற்றினேன். பட்டனை அழுத்தியிருக்கும்வரை மோட்டார் ஓடும், விரலை எடுத்தால் நின்றுவிடும். மூன்று பேர் சேர்ந்து முதலில் கான்டாக்டரை, அதாவது உள்ளே இருக்கும் காயில் இழுத்தால் மோட்டாருக்கு சப்ளை கொடுக்கும் சுவிட்சை, மாற்றினார்கள், அப்புறம் பட்டனை. நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் அந்தக் குழுவில் இருந்த பெண் கேட்டாள்: "அழுத்தினால் காயில் இழுக்கிறது, அப்போ காயில் நன்றாகத்தான் இருக்கிறது. விட்ட பிறகு அதற்கு சப்ளை எந்த வழியாக வர வேண்டும்?" அவர்கள் கேட்கும் முன்பே அந்தக் கேள்விக்கான பதிலை வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கை வைக்கும் முன் சப்ளையைத் துண்டித்துப் பூட்ட வேண்டும். டெஸ்டரை மின்சாரம் இருக்கிற இடத்தில் சோதித்து, வேலை செய்யும் இடத்தில் மின்சாரம் இல்லை என்று பார்த்து, மறுபடியும் டெஸ்டரைச் சோதிக்க வேண்டும். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருந்தால்? அதற்குத்தான் அந்த மூன்றாவது சோதனை.

சரி, இதை மற்றவர்களும் செய்யட்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் செய்யவில்லை. மூத்த இன்ஸ்ட்ரக்டர் ஒருவர், "நான்கு படி முறை இருக்கும்போது இது எதற்கு?" என்றார். நியாயமான கேள்வி. ஆயத்தம், செய்துகாட்டல், செய்யவைத்தல், சோதித்தல் என்ற அந்த முறை, முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் ஆட்களைப் பழக்க அமெரிக்காவில் சார்லஸ் ஆலன் வகுத்தது. ஒரு வேலையைச் சீக்கிரம் கைக்குக் கொண்டுவர நான் இன்றும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் யாரும் செய்துகாட்டாத சிக்கல் எதிரே வந்து நிற்கும்போது அந்த நான்கு படி போதவில்லை. அவரிடம் வாதாடாமல், "இருபது நிமிடம் என் வொர்க்‌ஷாப்பில் வந்து நில்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன்.

வந்தார். அவர் வெல்டிங் டிரேடு. மறுவாரமே தன் மாணவர்களை, அவர்கள் போட்ட வெல்டை அவர்களே வெட்டி, வளைத்துப் பார்க்க வைத்தார். மேலே அழகாக இருந்த வெல்டுக்குள் கசடு சிக்கியிருந்ததைப் பார்த்தவர்களுக்கு, அடுத்த லேயர் போடும் முன் கசடைத் தட்டிச் சுத்தம் செய் என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு ஆகியும் தேர்வு நெருங்கியதும் எல்லோரும் பழையபடி படம் பார்த்து இணைக்கும் ஜாபுக்கே திரும்பினோம், நான் உட்பட. மதிப்பெண் அதற்குத்தானே! முதல்வரிடம் இரண்டு விஷயம் கேட்டேன்: பழுது தேடுவதற்கென்று கால அட்டவணையில் வாரம் இரண்டு மணி நேரம், உள்மதிப்பீட்டுத் தாளில் தேடிய முறைக்குத் தனி மதிப்பெண். இரண்டாவதற்கு ஒரு வருடம் ஆனது. அது வந்த பிறகுதான், புதிதாகச் சேர்ந்த இன்ஸ்ட்ரக்டர்கள் யாரும் சொல்லாமலே இப்படி நடத்துகிறார்கள்.

இப்போது பழுதுகளை மாணவர்களே ஒருவருக்கொருவர் வைக்கிறார்கள். போன வாரம் ஒருவன், அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயில் போகிற ஒயரின் மேலுறையை உரிக்காமலே ஸ்க்ரூவை முடுக்கி வைத்திருந்தான். பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் அந்த இடத்தில் கரண்ட் போகாது. எதிர்க்குழு எதையும் கழற்றவில்லை. சப்ளையைப் பூட்டிவிட்டு, மல்டிமீட்டரோடு, காயிலுக்கு சப்ளை போகும் கன்ட்ரோல் சர்க்யூட்டின் நடுவிலிருந்து தேட ஆரம்பித்தார்கள்.