சூளைக்குப் பக்கத்து ஊர்: கொத்தடிமை மீட்பு நாட்குறிப்பு

2025 ஜனவரி 22, புதன்

பொங்கல் கழிந்துவிட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் இனி மழை இறங்கும்வரை கல் அறுப்புதான், அதாவது மண்ணைக் குழைத்து அச்சில் போடும் வேலை. சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கினவர்கள் பிள்ளைகுட்டியோடு வந்து குடிசை போட்டிருப்பார்கள்.

முன்பணம் வாங்கின எல்லாரும் கொத்தடிமை அல்ல. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி கடனோடு இன்னொன்றும் சேரவேண்டும்: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை, வேறிடம் வேலைக்குப் போக முடியாமை, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாமை, தன் உழைப்பில் விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்க முடியாமை. நான்கில் ஒன்று போதும். எழுத்து, கையெழுத்து எதுவும் தேவையில்லை. அப்பன் வாங்கிய கடனும் இதில் அடங்கும்.

பிப்ரவரி 3, திங்கள்

உள்ளே நடப்பது முதலில் யாருக்குத் தெரியும்? சந்தைநாளில் அரிசி நிறுக்கும் மளிகைக்காரர், அங்கன்வாடி அம்மா, தடுப்பூசிக்கு வரும் கிராமச் செவிலியர். "அடிக்கிறாங்களா?" என்று கேட்டால் பதில் வராது. "ஊர்ல ஒரு சாவுன்னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து போவீங்களா?" என்று கேட்கலாம். "ஒருத்தர் இருக்கணும்", "புள்ளைய விட்டுட்டுப் போகச் சொல்வாங்க" என்று வந்தால் அதுதான் பதில். அந்தப் பிள்ளைதான் அடமானம்.

அன்றே குறித்துக்கொள்ள வேண்டியவை: எத்தனை குடும்பம், குடும்பத்துக்கு எத்தனை பேர், எந்த ஊர், முன்பணம் எவ்வளவு, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, அதில் எவ்வளவு பிடித்தம், நடுராத்திரி எத்தனை மணிக்கு மண்ணில் இறங்குகிறார்கள், மழையில் கரைந்த பச்சைக் கல்லுக்கு (இன்னும் சுடாத கல்லுக்கு)க் காசு உண்டா. கணக்கு நோட்டு முதலாளியிடம்தான் இருக்கும். இருக்கட்டும், கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான். அதே சட்டத்தின் பிரிவு 15.

பிப்ரவரி 9, ஞாயிறு

கொத்தடிமை ஒழிப்பு நாள். சட்டத்தில் தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். 1976-இல் எழுதிய தொகை, இன்றும் அதேதான். அதனால் அதிகாரிக்குக் கொடுக்கும் மனுவில் இந்தச் சட்டத்தோடு நிறுத்தக் கூடாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143 (ஆள் கடத்தல்), 146 (கட்டாய உழைப்பு) பிரிவுகளையும் கேட்க வேண்டும். சிக்கியவர்கள் பழங்குடியினரான இருளர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். ஆகவே மனுவில் சாதியை எழுதாமல் விடக்கூடாது.

பிப்ரவரி 24, திங்கள்

திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அங்கே மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும், நல்லதுதான். ஆனால் மனு மேலிருந்து கீழே இறங்கி, கொடுத்தவர் பெயரோடு உள்ளூர் அலுவலகத்துக்கே வந்து நிற்கும். சூளை முதலாளி ஊர்ப் பெரிய மனிதராக இருந்தால் அதிகாரிகளின் ஜீப் வருமுன் ஆட்களை ஏற்றிய லாரி கிளம்பிவிடும், குடிசைகள் காலியாக இருக்கும். மீட்டு விடுவிக்கும் அதிகாரியான வருவாய்க் கோட்டாட்சியரை நேராகப் பார்ப்பதே மேல். சூளைக்கு எந்த வழி, பின்வாசல் எங்கே என்று கையால் ஒரு படம் வரைந்து கொடுத்தால் போதும். வேலை செய்யும் குழந்தை இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. சட்ட உதவிக்கு 15100.

மார்ச் 12, புதன்

நல்ல மனதோடு செய்கிற இரண்டு தப்புகள் உண்டு.

ஒன்று, தொழிலாளர்களை ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏற்றி அனுப்புவது. அடுத்த வாரமே மேஸ்திரி ஆளோடு சொந்த ஊரில் போய் நிற்பான். உள்ளே மாட்டிக்கொண்ட தம்பியோ மாமியாரோ பிணையாகிவிடுவார்கள். ஓடிவந்துதான் விட்டார்கள் என்றால் திருப்பி அனுப்பவே கூடாது. அன்றே கோட்டாட்சியர் முன் நிறுத்தி வாக்குமூலம் பதிய வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஊரே பணம் திரட்டி முன்பணத்தை அடைப்பது. பார்க்கப் பெருமையாக இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கடன் சட்டப்படி செத்துப்போன கடன். அதை வசூலிக்கிறவன்தான் குற்றவாளி. அடைத்துவிட்டால் "கணக்கு முடிந்தது, போகிறார்கள்" என்று கோப்பை மூடிவிடுவார்கள். விடுதலைச் சான்றிதழும் இல்லை, நிவாரணமும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

கோட்டாட்சியர் சூளைக்கு வரும் விசாரணை நாளைப் பற்றி. முதலாளி பக்கத்தில் நின்றால் எல்லாரும் "நல்லாத்தான் இருக்கோம் சார்" என்பார்கள். தனியே உட்கார வைத்து, பெண்களைப் பெண் அதிகாரியைக் கொண்டு கேட்க வைக்கச் சொல்ல வேண்டும். கிளம்புமுன் குடிசையைத் துழாவுங்கள்: ரேஷன் அட்டை, ஆதார், பாத்திரம், கோழி, பிள்ளைகளின் புத்தகம். பிறகு போய் எடுத்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதி முடிக்க நள்ளிரவு ஆகும். ஊர்க்காரர்கள் அன்றைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி சோறு, குழந்தைகளுக்குப் பால், பாய் போர்வை, சாமானுக்கு ஒரு டெம்போ.

ஏப்ரல் 5, சனி

விடுதலைச் சான்றிதழ் ஆளுக்கு ஒன்று. குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் எழுதி அனுப்புவது வழக்கமான கோளாறு. உதவித்தொகை தலைக்கு என்பதால் மனைவியும் பிள்ளைகளும் விட்டுப்போவார்கள். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. பிறகு மறுவாழ்வுத் தொகையாக ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடுமைகளுக்கு 3 லட்சம். பெரிய தொகை, வழக்கில் தண்டனை கிடைத்தால்தான் வரும். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பதால் சாட்சி சொன்ன ஊர்க்காரர் கடைசிவரை பிறழாமல் நிற்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டாலும் வங்கியில் பணம் நின்றுவிடும். சான்றிதழை வாங்கின இடத்திலேயே வாசித்துப் பாருங்கள். பழங்குடிச் சாதிச் சான்றிதழ் தருவதும் அதே கோட்டாட்சியர்தான். சொந்த ஊர் அதே கோட்டம் என்றால் அன்றே அதற்கும் மனு கொடுத்துவிடலாம். வேறு மாவட்டம் என்றால் கோப்பின் நகல் ஒன்றைக் கையோடு வாங்கிப் போகவேண்டும், இல்லாவிட்டால் கோப்பு நடுவழியில் தங்கிவிடும்.

மே 3, சனி

திரும்பிப் போனவர்களின் குடிசைக் கூரை பெரும்பாலும் சரிந்திருக்கும். ஊரக வேலைத்திட்ட அட்டை, ரேஷன் அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, மூன்றுக்கும் கூடப் போக ஓர் ஆள் வேண்டும். ஐப்பசி மழையில் வேலையில்லாமல் அடுப்பு அணைந்து கிடக்கும்போது அடுத்த சூளையின் மேஸ்திரி முன்பணத்தோடு வருவான். அதற்குள் ஆறுமாத அரிசிக்கு வழி ஆகியிருக்க வேண்டும்.