நாலு ஃபால்ட்

மூத்தவள் பத்தாம் வகுப்பு வந்ததும் குதிரையேற்ற க்ளாஸை விட்டுவிட்டாள். கட்டின ஃபீஸ் திரும்ப வராது, வேண்டுமானால் வீட்டிலிருந்து வேறு யாராவது வந்து மிச்ச க்ளாஸை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு யாராவது என்றால் யார்? மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நான்தான்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியிலிருந்து ஈசிஆர் வரை ஸ்கூட்டியில் போய் ஒருவழியாக உட்காரப் பழகியாயிற்று. நேற்று ஏழாவது. "சார், இன்னிக்கு ஜம்ப்" என்றார் கோச். இரண்டு கம்புகளைப் பெருக்கல் குறி மாதிரி சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் ஒன்றரை அடி இருந்தால் அதிகம். மழைக்காலத்தில் எங்கள் தெருப் பள்ளங்களைத் தாண்டுகிறவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம். ஆனால் தாண்ட வேண்டியது நான் இல்லையே.

குதிரையின் பெயர் ராணி. கிண்டி ரேஸில் ஓடி ரிட்டயர் ஆனவள். உயரம் 15 கை 2 அங்குலம். ஒரு கை என்பது 4 அங்குலம். கணக்குப் போட்டால் சரியாக என் மனைவியின் உயரம், அதுவும் முதுகு வரைக்கும் மட்டும். பிடிவாதமும் ஏறக்குறைய அதே அளவு. கொள்ளென்றால் வாயைத் திறப்பாள், கடிவாளமென்றால் மூடிக்கொள்வாள். (ராணியைச் சொல்கிறேன்.)

கிண்டி என்ற சொல்லையே எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது. அம்மாவைப் பெற்ற தாத்தா, பாட்டியின் ஒட்டியாணத்தை அங்கேதான் விட்டார். 1974-ல் ரேஸை ஒழிக்க அரசு சட்டம் போட்டபோது பாட்டி பாயசம் வைத்தாளாம். கேஸ் கோர்ட்டுக்குப் போய், 1996-ல் சுப்ரீம் கோர்ட் ரேஸ் சூதாட்டமில்லை, திறமை விளையாட்டுதான் என்று சொன்னபோது தாத்தா இல்லை. இருந்திருந்தால் தீர்ப்பை ஃபிரேம் போட்டு, பாட்டி கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருப்பார்.

சரி, ஜம்ப். குதிரைக்கு நேர் மூக்குக்கு முன்னால் இருப்பது தெரியாதாம். கிட்டே போனதும் கம்பு அதன் கண்ணுக்கு மறைந்துவிடும். அப்போது மேலே இருப்பவனாவது பார்க்க வேண்டும். நான் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன்.

"சார், ஹீல் கீழ! தூரமா பாருங்க, தூரமா!"

ராணி ஓர் அடி முன்னால் டக்கென்று நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. பிடரி, கழுத்து, காது என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நிதானமாகக் கம்புக்கு அந்தப் பக்கம் மண்ணில் போய் இறங்கினேன். கம்பு விழவில்லை. அந்த வகையில் ஜம்ப் க்ளியர்.

"போட்டியா இருந்தா குதிரை நின்னதுக்கு நாலு ஃபால்ட் சார், பெனால்டி பாயின்ட். நீங்க விழுந்ததுக்கு எலிமினேட்டே பண்ணிடுவாங்க" என்றார் கோச், கை கொடுத்துத் தூக்கிக்கொண்டே. ராணி நிதானமாக வந்து என் பேன்ட் பாக்கெட்டில் மூக்கை நுழைத்து, வைத்திருந்த வெல்லத்தைக் காகிதத்தோடு தின்றாள்.

ராத்திரி அம்மாதான் முதுகில் தைலம் தேய்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. பாதியில் கை நின்றது.

"அந்தக் குதிரை ரேஸ்ல ஜெயிச்சிருக்காடா?"

"தெரியலையேம்மா."

"அங்க அதுக்கு வேற பேர் இருந்திருக்கும். அடுத்த வாரம் கேட்டுட்டு வா. எங்கப்பா இருந்தா பேரைச் சொன்னதுமே மொத்த ஜாதகத்தையும் சொல்லிடுவார்."