பீவர் அணையை உடைச்சு ஒரு பிரயோசனமும் இல்லை

கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்துப் பீட்டர்பரோவுக்கு வடக்கால அத்தான் வாங்கின காணிக்குள்ளால ஒரு சின்ன ஓடை போகுது. அதில பீவர் (மரத்தைப் பல்லால கடிச்சு வெட்டுற, தண்ணியில வாழுற பெரிய கொறிக்கிற மிருகம்) குடும்பம் ஒண்டு தடியாலயும் சேறாலயும் அணை கட்டி, தண்ணி ஏறி ஏறி வீட்டுக்குப் போற பாதையைத் தொடுற அளவுக்கு வந்திட்டுது. கேட்ட ஆக்கள் எல்லாரும் அவருக்குச் சொன்னது, உடைச்சு விடு எண்டுதான். தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ.

தண்ணி ஓடுற சத்தம் கேட்டால் பீவரால சும்மா இருக்கேலாது, சத்தம் வாற இடத்துக்குத் தடியும் சேறும் இழுத்துக்கொண்டு வந்து இரவிரவா அடைச்சுப்போடும், நீங்கள் திரும்ப உடைச்சால் அதுக்கும் உங்கட மரங்களைத்தான் வெட்டும். ஒரேயடியா உடைச்சால் கீழ இருக்கிற அயலவற்ற காணிக்குள்ள வெள்ளம் போகவும் கூடும்.

பிடிச்சுத் தூர விடுவம் எண்டால், ஒன்ராறியோவில பிடிச்ச இடத்திலயிருந்து 1 கிலோமீற்றருக்குள்ளதான் விடலாம், அது பீவருக்கு ஒரு தூரமே இல்லை. சொத்தைக் காப்பாத்தக் கொல்லுறதுக்குச் சட்டத்தில இடம் இருக்கு, ஆனால் தண்ணியும் அதுகள் விரும்பித் தின்னுற பொப்லர் மரமும் இருக்கிற இடம் கனநாள் வெறுமையாக் கிடக்காது, 2 வயசில தாய் தகப்பனை விட்டு வெளிக்கிடுற இளசுகள் இடம் தேடி வந்து குடியேறிடும். பிறகு அதுகளையும் கொல்லுறதோ? எனக்கு மனம் ஒப்பேல்ல.

நல்ல வழி, அணைக்குக் குறுக்கால ஒரு பெரிய பிளாஸ்டிக் பைப் போடுறது. 10, 12 அங்குல அகலம் வேணும். தண்ணி எந்த மட்டத்தில நிக்கவேணுமோ அந்த உயரத்தில பைப்பை அணைக்குள்ள வைச்சு, உள்பக்க வாயை அணையில இருந்து நல்லாத் தள்ளி ஆழமான இடத்தில தாட்டு, அதைச் சுத்தி வட்டமாக் கம்பிக்கூடு அடிக்கவேணும். தண்ணி சத்தமில்லாமல் போகும், எங்கால போகுதெண்டு பீவருக்குப் பிடிபடாது. அமெரிக்காவில கிளெம்சன் பல்கலைக்கழகம் செய்த பைப்பும் இந்த யோசனைதான். குளமும் இருக்கும், பாதையும் நனையாது, இடைக்கிடை கூட்டில சிக்கிற குப்பையை மட்டும் இழுத்து எடுக்கவேணும். பாதைக்குக் கீழ மதகு இருந்தால் அதுக்கு முன்னால அகலமாக் கம்பிவேலி வேணும், இல்லாட்டி அதையும் அடைச்சுப்போடும்.

நீங்கள் ஆசையா வைச்ச மரங்களுக்கு 4 அடி உயரத்துக்குத் தடிப்பான கம்பி வலை சுத்துங்கோ, அடிமரத்தோட இறுக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டு. பீவர் பனிக்கு மேல ஏறி நிண்டும் கடிக்கும், அதால உயரத்தில கஞ்சத்தனம் பிடிக்காதேங்கோ.

பைப் வேலையைக் கோடையிலயே முடிச்சிடுங்கோ. இலையுதிர்காலத்தில பீவருகள் குளிருக்குத் தின்னுறதுக்குக் கொப்புகளைத் தண்ணிக்கடியில சேர்த்து வைக்கும், அதுக்குப் பிறகு நீங்கள் தண்ணியை இறக்கினால் மிச்சத் தண்ணி அடிமட்டும் உறைஞ்சு சாப்பாட்டை எடுக்கேலாமல் குட்டியளோட பட்டினி கிடக்கும்.