டிக்கிக்கு அடியில் இருந்த டேங்க்: ஸ்டாக் கார் பந்தயத் தீ விபத்துகள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வார இறுதி இரவுகளில் நடைபெறும் சிறு தட ஸ்டாக் கார் பந்தயங்களில், ஒரு கார் சுவரில் மோதிப் புகைந்தவுடன் பார்வையாளர் கூட்டம் முழுவதும் எழுந்து நிற்பதைக் காணலாம். சுழன்ற காரையோ, கவிழ்ந்த காரையோ பார்க்கும்போது எழாத ஒரு பதற்றம் புகையைக் கண்டால் எழுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. மோதலில் ஓட்டுநர் பிழைத்துக்கொள்ளலாம். பிழைத்த அதே மனிதர், காரை விட்டு வெளியேற முடியாமல் தீயில் சிக்கி இறந்த வரலாறு இந்த விளையாட்டுக்கு உண்டு.

தொடக்க காலத்தில் ஸ்டாக் கார் என்பது பெயருக்கேற்றபடி கடையில் விற்கும் கார்தான். அதன் உள்ளே கம்பிக் கூண்டு பற்றவைத்தார்கள், இன்ஜினுக்குத் திறன் கூட்டினார்கள், சக்கரங்களையும் அச்சுகளையும் பலப்படுத்தினார்கள். டிக்கிக்கு அடியில் தொங்கிய பெட்ரோல் டேங்க் மட்டும் வெறும் உலோகத் தகடாகவே நீடித்தது. முட்டை வடிவத் தடத்தில் கட்டுப்பாட்டை இழக்கும் கார், பல சமயம் சுழன்று பின்புறமாகவே சுவரை நோக்கிப் போகிறது என்பதை நினைவில் வைத்தால், எரிபொருளை வைப்பதற்கு இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. டேங்கின் தகட்டு இணைப்பு பிளந்தால் பெட்ரோல் முன்னோக்கிப் பீய்ச்சியடித்து ஓட்டுநரின் இருக்கைக்கே வந்துவிடும்.

1964ஆம் ஆண்டு மே 24 அன்று வட கரோலினாவின் ஷார்லட் தடத்தில் அதுதான் நடந்தது. அன்றைய பந்தயம் 600 மைல், 400 சுற்று. ஏழாவது சுற்றில் ஜூனியர் ஜான்சன், நெட் ஜாரெட் ஆகியோரின் கார்கள் உரசிச் சுழன்றன. பின்னால் வந்துகொண்டிருந்த கிளென் ராபர்ட்ஸ் அவற்றைத் தவிர்க்க முயன்றபோது, அவரது 22ஆம் எண் ஃபோர்டு கார் பின்புறமாகச் சென்று உட்புறச் சுவரில் மோதிக் கவிழ்ந்து, தீப்பிழம்பானது. ராபர்ட்ஸை எல்லோரும் ‘ஃபயர்பால்’ என்றே அழைத்தனர். இளமையில் பேஸ்பால் பந்தை வேகமாக எறிந்ததற்காகக் கிடைத்த பட்டம் அது, தீக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1962இன் டேடோனா 500 பந்தயத்தில் வென்ற அவர், அக்காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர்.

ஜாரெட்டின் காரும் அருகிலேயே எரிந்துகொண்டிருந்தது. அவர் அதிலிருந்து இறங்கி ராபர்ட்ஸின் காரை நோக்கி ஓடி, அவரை வெளியே இழுத்து, எரியும் உடையைத் தம் கைகளாலேயே பிய்த்தெடுத்தார். அவருடைய கைகளும் தீயில் வெந்தன. உடலின் பெரும்பகுதி கருகிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ராபர்ட்ஸ், நிமோனியாவும் இரத்தத்தில் நோய்த்தொற்றும் கண்டு ஜூலை 2 அன்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. ஷார்லட் விபத்து நடந்து ஆறே நாட்களில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் எடி சாக்ஸ், டேவ் மெக்டோனால்டு ஆகிய இரு ஓட்டுநர்களும் எரிபொருள் தீயில் மாண்டனர். ஒரே வாரத்தில் நிகழ்ந்த இந்த இரு விபத்துகளுக்குப் பிறகு, தீயை விதியின் கணக்கில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எவராலும் முடியவில்லை.

ராபர்ட்ஸின் உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் தீத்தடுப்பு உடை என்று தனியாகத் தயாரித்து விற்கப்பட்டது அரிது. சாதாரணப் பருத்தி மேலுடையை வேதியுப்புக் கரைசலில் முக்கி, உலர்த்தி அணிந்துகொள்வார்கள். துணி விறைத்துப்போய் உடலை அரிக்கும். ஆஸ்துமா நோயாளியான ராபர்ட்ஸுக்கு அந்த வேதிப்பொருளின் நெடி ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே அவர் அன்று முக்காத உடையிலேயே ஓட்டினார். அதை அவருடைய அலட்சியம் என்று எழுதுபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. மூச்சுத்திணறலுக்கும் தீக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்று ஓட்டுநரிடம் விட்ட ஏற்பாட்டில்தான் குறை இருந்தது.

டியூபான்ட் நிறுவனத்தின் நோமெக்ஸ் இழை 1967இல் விற்பனைக்கு வந்தபோது அந்தத் தேர்வுக்குத் தேவையில்லாமல் போனது. இந்த இழை வெப்பத்தில் உருகாது; கருகித் தடித்து, தோலுக்கும் தீக்கும் இடையே ஒரு தடுப்பாக நிற்கும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஓட்டுநர் பில் சிம்ப்சன் இத்துணியில் பந்தய உடை தைத்துப் பரப்பியவர்களில் முதன்மையானவர். தம் உடையை அணிந்துகொண்டு தமக்குத் தாமே தீ வைத்துக் காட்டும் அளவுக்கு அவருக்கு அதில் நம்பிக்கையும், விளம்பரத்தில் விருப்பமும் இருந்தன.

உடை ஓட்டுநருக்கு வாங்கித் தருவது சில நொடிகளைத்தான். உண்மையான தீர்வு டேங்க்கில் இருந்தது. ஃபயர்ஸ்டோன், குட்இயர் ஆகிய டயர் நிறுவனங்கள் விமானத் துறையின் அனுபவத்தைப் பயன்படுத்தி ‘ஃப்யூயல் செல்’ எனும் ஏற்பாட்டைப் பந்தயக் காருக்குக் கொண்டுவந்தன. நான் இங்கே ஷார்லட் பக்கம் ஒரு நண்பரின் பட்டறையில் அதைப் பிரித்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். வெளியே இரும்புப் பெட்டி. அதற்குள் துணி பதித்த ரப்பர் பை. மேல்தட்டைச் சுற்றிலும் உள்ள போல்ட்டுகளைக் கழற்றினால், பைக்குள் மஞ்சள் நிறக் கடற்பஞ்சு போன்ற நுரைக்கட்டிகள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். பெட்டி நசுங்கினாலும் பை கிழியாமல் வளைந்து கொடுக்கும். பை கிழிந்தாலும் நுரை பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொண்டு, மொத்தமாகக் கொட்டிவிடாமல் தடுக்கும். கார் தலைகீழானால் காற்றுக்குழாயில் உள்ள குண்டு வால்வு தானே அடைத்துக்கொள்ளும். நண்பர் எடுத்த கட்டி பழையது. விரலால் அழுத்தியதும் அது உதிர்ந்து பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டது. எரிபொருள் ஃபில்டர் அடைத்துக்கொண்டதால்தான் அவர் அதைத் திறக்கவே செய்தார். இல்லாவிட்டால் அந்த நுரை அப்படியே இன்னும் சில பந்தயங்கள் ஓடியிருக்கும்.

வட்டாரப் பந்தயங்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பெரிய அணிகள் ரப்பர் பையை உரிய காலத்தில் மாற்றிவிடும். அதன் ஆயுள் பொதுவாக ஐந்து ஆண்டுகள். சிறு தடத்தில் வாரந்தோறும் ஓட்டுபவர் பகலில் வேறு வேலை பார்ப்பவர், கார் செலவைச் சொந்தப் பணத்திலிருந்து போடுபவர். அவருக்காகச் சந்தையில் பை இல்லாமல், வெறும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நுரையை அடைத்து, அதையும் ஃப்யூயல் செல் என்ற பெயரிலேயே விற்கிறார்கள். உடையிலும் இதே நிலைதான். பந்தயப் பாதுகாப்புக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் தரமுறையில் 3.2ஏ/1 என்று குறிக்கப்பட்ட ஒற்றை அடுக்கு உடை, இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்படும் வரை ஏறக்குறைய 3 நொடி தருகிறது, 3.2ஏ/5 உடை 10 நொடி தருகிறது. ஓட்டுநரை இருக்கையோடு ஐந்து இடங்களில் பிணைக்கும் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னல் வலையை இறக்கி, ஸ்டீயரிங்கை உருவி எடுத்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியேற 3 நொடி போதாது. இருந்தும் ஒற்றை அடுக்கு உடையை ஏற்றுக்கொள்ளும் தடங்களும், கையுறையைக் கட்டாயமாக்காமல் பரிந்துரையோடு நிறுத்திக்கொள்ளும் விதிப்புத்தகங்களும் உண்டு.

வட்டார ஓட்டுநர்களைப் பெரிய தடத்துக்கு அழைத்து வந்த முயற்சி ஒன்றும் இவ்வரலாற்றில் கசப்பாகவே நிற்கிறது. ஷார்லட்டில் நடத்தப்பட்ட ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவு, சிறு தடத்தில் பழகியவர்களுக்கு ஒன்றரை மைல் தடத்தில் வாய்ப்பு தருவதற்காக உருவானது. அதில் 1990இல் டேவிட் கெய்ன்ஸ், 1992இல் கேரி பேட்சன், 1995இல் ரஸல் ஃபிலிப்ஸ் ஆகியோர் உயிரிழந்தனர். இவர்களில் பேட்சனின் உயிரைப் பறித்தது தீ. ராபர்ட்ஸ் எரிந்த அதே தடத்தில், 28 ஆண்டுகளுக்குப் பிறகு, ஃப்யூயல் செல்லும் நோமெக்ஸும் நன்கு அறியப்பட்டுவிட்ட காலத்தில் இது நடந்தது.

இன்றைய தீ பெரும்பாலும் டேங்க்கிலிருந்து வருவதில்லை. மோதலில் ஆயில் கூலரோ ஆயில் குழாயோ பிளந்து, செந்நிறமாகப் பழுத்திருக்கும் எக்ஸாஸ்ட் குழாயின் மேல் எண்ணெய் தெளித்துப் பற்றுவதுதான் வழக்கம். 2018 மார்ச்சில் வர்ஜீனியாவின் சவுத் பாஸ்டன் தடத்தில் ஒரு லேட் மாடல் கார் (வட்டாரத் தடங்களில் ஓடும் ஸ்டாக் கார் வகை) மோதலுக்குப் பின் பற்றி எரிந்தபோது, அணிகள் நிற்கும் பிட் பகுதியின் சுவரைத் தாண்டி ஓடிவந்து ஓட்டுநரை ஜன்னல் வழியாக இழுத்துக் காப்பாற்றியவர் அவருடைய தந்தை. அந்தக் காணொளி உலகம் முழுவதும் பரவியது. தந்தையின் பாசத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். தீயணைப்பானுடன் வரவேண்டியவர்களுக்கு முன்பாக அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பெரிய பந்தயங்களிலும் தீ புதுப்புது வழிகளில் வருகிறது. 2022 செப்டம்பரில் தென் கரோலினாவின் டார்லிங்டன் தடத்தில் ஓட்டுநர் கெவின் ஹார்விக்கின் கார் எந்த மோதலும் இல்லாமலே எரிந்தது. டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் எக்ஸாஸ்ட் பக்கம் சேர்ந்து பற்றிக்கொள்வது அத்தகைய தீக்களுக்குக் காரணமாகக் கண்டறியப்பட்டு, அப்பகுதியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் பொருத்தப்பட்டன. சில வாரங்களில் எல்லா அணிகளுக்கும் மாற்றம் சென்று சேர்ந்தது.

வட்டாரத் தடத்தில் அப்படி உத்தரவிட்டு மாற்றிவிட முடியாத ஒன்று இருக்கிறது. அங்கே ஓட்டுநரேதான் மெக்கானிக். ஒரே இரவின் இரண்டு பந்தயங்களுக்கு இடையே, அணிந்திருக்கும் நோமெக்ஸ் உடையுடனேயே காருக்கு அடியில் படுத்து ஆயில் குழாயை முடுக்கிவிட்டு வந்து மறுபடியும் இருக்கையில் அமர்கிறார். எண்ணெயும் கிரீஸும் ஊறிய உடை, தோளில் எந்தத் தர முத்திரை தைத்திருந்தாலும் எளிதாகப் பற்றிக்கொள்ளும். பரிசோதகர் பார்ப்பது அந்தத் தோள் முத்திரையை. மணிக்கட்டிலும் முழங்காலிலும் உள்ள கறையையும் பார்த்து ஓட்டுநரைத் திருப்பி அனுப்பும் தடம் எதையும் நான் இதுவரை கண்டதில்லை.