பாஜே நாட்குறிப்பு: பட்டம், கயிறு, வத்தக்கடல்

ஜனவரி 11, 2025

தான்சானியாவின் சான்சிபார் தீவு, அதன் கிழக்குக் கரையில் பாஜே. கரைக்குத் தூரத்தில் பவளப்பாறைத் திட்டு நீளமாக ஓடுகிறது, பெரிய அலையெல்லாம் அங்கேயே உடைந்துவிடும், உள்ளே மணல் தரை, பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர். கைட்சர்ஃபிங், அதாவது பட்டம் இழுக்கப் பலகையில் நின்று நீர்மேல் சறுக்குவது, பழக இவ்வளவு தோதான இடம் அமைவது அபூர்வம். காற்றும் அப்படித்தான். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வீசுவதை இங்கே கஸ்காசி என்கிறார்கள், வடகிழக்குப் பருவக்காற்றுதான். கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கத்திலிருந்து சாய்வாகக் கரையை நோக்கி வருகிறது, அதனால் என்ன ஆனாலும் நம்மைக் கரைக்கே தள்ளும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றாக இருந்தால் புதியவர்கள் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது.

இன்று மணலில் சின்னப் பட்டம் மட்டும். முதுகில் காற்று பட நின்று, எதிரே பெரிய கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். பட்டம் 12 மணியில், அதாவது தலைக்கு நேர் மேலே நின்றால் இழுவை குறைவு, 10க்கும் 2க்கும் போனால் பக்கவாட்டில் இழுக்கும், நேர் எதிரே கடிகாரத்தின் நடுவுக்கு இறங்கினால் ஆளையே தூக்கிக்கொண்டு போகும்.

ஜனவரி 12

பொழுது முழுக்க, ஆபத்தில் பட்டத்தைக் கழற்றிவிடப் பழகுவதிலேயே போனது. பட்டத்துக்கும் நமக்கும் நடுவே 20 மீட்டருக்கு மேல் கயிறு. இழுவை தாங்க முடியவில்லையா, முதலில் கைப்பிடியை விடு, இழுவை நன்றாகக் குறையும். போதவில்லை என்றால் இடுப்பருகே உள்ள கொக்கியை விடுவி, பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கித் துவண்டு விழும். அப்போதும் இழுத்தால் கடைசிக் கயிற்றையும் விடு, பட்டம் போனால் போகட்டும். கண்ணை மூடிக்கொண்டு கழற்ற வரும்வரை பயிற்சியாளர் அடுத்ததற்குப் போகவில்லை. சரியான ஆள்.

பட்டத்தின் முன்விளிம்பு காற்றடைத்த குழாய், அதனால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், அங்கிருந்தே மறுபடி எழுப்பலாம். பிரான்ஸின் லெகைனு சகோதரர்கள் 1984இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அது இல்லாவிட்டால் இந்த விளையாட்டே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜனவரி 14

பௌர்ணமி. நல்ல காற்று, ஆனால் கடலைக் காணோம்! வத்தத்தில், அதாவது ஓதம் இறங்கும் நேரத்தில், தண்ணீர் அத்தனை தூரம் உள்வாங்கி, மணலும் குட்டைகளும்தான் மிச்சம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் இங்கே 3 மீட்டருக்கு மேல் வித்தியாசம். இந்த நேரத்தில்தான் பெண்கள் கடற்பாசித் தோட்டத்துக்கு நடந்து வருகிறார்கள், குச்சிகளை நட்டு, கயிறு கட்டி, அதில் பாசி வளர்க்கிறார்கள். ஏற்றத்தில் அந்தக் குச்சிகள் தண்ணீருக்குள் மறைந்துவிடும், அந்தப் பக்கம் பட்டத்தோடு போகவே கூடாது. அது அவர்கள் பிழைப்பு, நமக்கு விளையாட்டு.

ஏற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. குறைந்த நாள் விடுப்பில் வருகிறவர்கள் விமான டிக்கெட் எடுக்கும் முன் ஓத அட்டவணையைப் பார்த்துவிடுவது நல்லது.

ஜனவரி 15

பலகை இல்லாமல் பட்டத்தை வைத்துக்கொண்டு உடம்பாலேயே நீரில் இழுபட்டுப் போகும் பயிற்சி. காற்றின் போக்கில் போவது வேடிக்கை, வாயிலும் மூக்கிலும் உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். எதிர்க்காற்றில் ஏறுவதுதான் வேலை. பட்டத்தை ஒரு பக்கம் தாழ நிறுத்தி, ஒரு கையால் கைப்பிடியை ஓட்டிக்கொண்டு, மற்றக் கையை முன்னால் தண்ணீருக்குள் நீட்டி, உடம்பை ஒருக்களித்து வைத்தால் அதுவே படகின் அடிக்கட்டை மாதிரி நீரைப் பிடித்துக்கொள்ளும், குறுக்கும் நெடுக்குமாக மெல்ல மெல்ல மேலே போகலாம். விழுந்தால் பலகை காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்றுவிடும், அதை எடுக்க இந்த ஒரு வழிதான். காலோடு கட்டிக்கொண்டால் என்ன என்று கேட்டேன். கட்டினால் கயிறு சுண்டிப் பலகை தலையில் அடிக்குமாம். சரி, வேண்டாம்.

ஜனவரி 17

காலையில் காற்று 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்), அப்புறம் 18. ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும், ஆனால் இழுவை காற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் இரண்டே கால் மடங்கு. 12 சதுர மீட்டர் பட்டத்தை இறக்கிவிட்டு 9 கொடுத்தார்கள்.

பலகையில் எழுந்து நிற்கும் பாடம் தொடங்கியது. கால் இரண்டும் பட்டைக்குள், பட்டத்தை 12லிருந்து சட்டென்று கீழே வெட்டினால் இழுவை வந்து நம்மை நிமிர்த்தும். தடுமாறும் நொடியில் கை தானாகக் கைப்பிடியை இறுக்கி நெஞ்சுக்கு இழுக்கிறது, எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே உடம்புக்குத் தெரியும். இங்கே இழுத்தால் வேகம் கூடும், விட்டால்தான் குறையும். கரையில் எத்தனை முறை கேட்டாலும் கைக்கு அது தண்ணீரில்தான் புரிகிறது.

ஜனவரி 18

ஓடியது! வலப்பக்கம் மட்டும், கொஞ்ச தூரம்தான், ஆனால் பலகை நீரைக் கிழிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டேன். அப்புறம் பலகையை இடுக்கிக்கொண்டு, பட்டத்தைத் தலைக்கு மேலே நிறுத்தி, கிளம்பிய இடத்துக்கு நடை. எதிர்க்காற்றில் ஏற வரும்வரை எல்லோருக்கும் இந்த நடை உண்டு, கரையோரம் இன்று ஊர்வலமே போனது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பட்டத்தோடு ஓடும் இந்த விளையாட்டும் இருந்தது, பெண்களில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜ் தங்கம் வாங்கினார். இரவில் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், கைகள் எவ்வளவு தளர்வாக இருக்கின்றன! நாளை இடப்பக்கம்.